வலையும் பங்கும்: தஞ்சைக் கடற்கரையின் மீன்பிடிப் பொருளியல்

வலை ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது. கடலில் அகப்பட்ட மீன் யாருக்கு உரியது? இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கேள்வியை எழுப்பி விவாதித்துள்ளனர். கடல் மீன் எவருடைய உடைமையும் அன்று. பிடித்தவருக்கே அது உரியதாகும். ஆதலின், பிடிபடுவதில் பாதி என்னும் நிபந்தனையில் வலையைக் கொடுத்தாலும் மீன் முழுவதும் பிடித்தவருக்கே, வலைக்காரருக்குத் தகுந்த வாடகை மட்டுமே என்பது ஒரு தீர்ப்பு. ஹிஜ்ரி 620இல் (கி.பி. 1223) மறைந்த ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) தம் ‘அல்முக்னீ’ நூலில் இதனை எடுத்துரைத்து, இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்தை ஒட்டி நோக்கின் பங்கு ஒப்பந்தமும் செல்லும் என்று குறிப்பிடுகிறார்.

தஞ்சை என்றதும் நெல்வயலையே நினைக்கும் நமக்கு, இவ்விவாதம் நம் கரைக்கும் பொருந்தும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரியும் வரை, கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை கடந்து பாக் நீரிணை வரை நீண்ட கரை தஞ்சை மாவட்டத்திற்கு உரியதாயிருந்தது. இன்று அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் முதலிய ஊர்களைக் கொண்ட சிறு பகுதியே எஞ்சியுள்ளது. கடல்தொழிலிலும் மீன், கருவாட்டு வணிகத்திலும் நம் சமுதாயத்தவர் ஈடுபட்டு வந்த கரை இது. நாகூர் ஆண்டகையின் பெயரைச் சொல்லிக் கடலில் இறங்கும் பிற சமய மீனவரும் இக்கரையில் உண்டு.

வயலில் வாரம் போலக் கடலில் பங்கு என்பதே இக்கரையின் முறை. பொதுச் செலவைக் கழித்த பின், எஞ்சுவதில் ஒரு பகுதி படகுக்கும் வலைக்கும், மறு பகுதி உழைத்தவர்க்கும் சேரும். நாள்தோறும் மாறும் வருவாயுடைய தொழிலில் நிலையான கூலி எவருக்கும் பொருந்தாது. மீன் படாத நாளின் இழப்பை முதலாளியும் தொழிலாளியும் பகிர்ந்துகொள்ளவே இம்முறை தோன்றியது.

பழைய வலைகள் பருத்தியிலும் சணலிலும் ஆனவை. வீட்டார் கையாலேயே பின்னப்பட்டு, மரப்பட்டைச் சாயம் ஊட்டிக் காயவைக்கப்பட்டவை. கட்டுமரத்திற்கு எரிபொருள் வேண்டியதில்லை. ஆகவே ரொக்கச் செலவு குறைவு; இலாபமும் குறைவு. உப்பின் மீதான வரி கருவாட்டுத் தொழிலை நசுக்கியபோது, சென்னை மாகாண அரசு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன் உப்பிடும் களங்களை அமைத்து, அங்கு மட்டும் வரியில்லா உப்பை வழங்கிற்று. 1907இல் மாகாண மீன்வளத் துறைக்கு வித்திட்ட பிரெடெரிக் நிக்கல்சன், அதற்கு முன் 1890களில் வேளாண் வங்கிகள் பற்றிய அறிக்கை எழுதி, 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்திற்கு வழிகோலியவர். உழவரின் கடனை ஆராய்ந்தவரே மீனவரின் தொழிலையும் ஆராய வந்தது கருதத்தக்கது.

1950களுக்குப் பின் நைலான் நூலும் இயந்திரமும் வந்தன. நைலான் வலை மக்காது. மிகுதியாக மீன் பிடிக்கும். ஆனால் அதனைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். படகு, இயந்திரம், எண்ணெய், பனிக்கட்டி யாவும் அவ்வாறே. வங்கி தயங்கிய இடத்தில் மீன் வணிகர் முன்பணம் கொடுத்தார். அதற்கு வட்டி என்று பெயரில்லை. பிடிபடும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குத் தர வேண்டும் என்பதே நிபந்தனை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மீனின் சந்தை விலை 100 ரூபாய், செலவு 40 ரூபாய் எனில், மீதி 60. படகுக்கும் வலைக்கும் 30 போக, உழைத்த மூவருக்கும் தலைக்கு 10 ரூபாய். வணிகர் விலையில் 10 ரூபாய் குறைத்தால் மீதி 50. தலைக்குக் கிடைப்பது எட்டு ரூபாய் சொச்சம். பத்தில் ஒரு பங்கு விலைக் குறைப்பு, உழைப்பவர் வருவாயில் ஆறில் ஒரு பங்கை விழுங்குகிறது. ஆதாயத்தை ஈட்டித் தரும் கடன் வட்டியின் இனமே என்ற சட்ட நெறியை இங்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். வணிகரும் இடர் ஏற்கிறார், படகு மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும் என்பது மெய்யே. எனினும் இழப்பில் பங்கேற்பவர் கூட்டாளியாக இருக்கலாம். கடனையும் விற்பனையையும் ஒன்றாகப் பிணைப்பது முறையாகாது.

கடலும் முன்போல் இல்லை. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கே என 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்தது. ஆயினும் இழுவைப் படகுகளால் சிறு வலைகள் அறுபடும் பூசல் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகைக் கரையில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதன் பின் உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் பல ஊர்களில் படகுத் தொகையைப் பெருக்கின. கடல் ஒன்றே, பங்கிடுவோர் பெருகினர். 2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜா புயல் மல்லிப்பட்டினத் துறையில் படகுகளை நொறுக்கியது. ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் புதுப் படகு தேவைப்பட்டது. அதற்குப் புதுக் கடனும் தேவைப்பட்டது.

ஆகவே சிறுவலைத் தொழிலின் ஆதாயத்தை மீனின் எடையால் மட்டும் அளக்க இயலாது. படகுக்கு முதலிட்டவர் யார், விலையை முடிவு செய்பவர் யார் என்பவையே அதனைத் தீர்மானிக்கின்றன. ஸகாத்தைப் பெறத் தகுந்த எண்வகையினருள் கடன்பட்டோரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. முன்பணத்தில் சிக்கிய முஸ்லிம் மீனவரை மீட்க நம் ஊர்களின் பைத்துல்மால்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். சமய வேறுபாடின்றி இக்கரையினர் யாவர்க்கும் வட்டியில்லாக் கடனை வழங்கலாம். வலைக்கு முதலிட்டு இலாப நட்டத்தில் பங்கேற்போர் நம்மில் பெருகின், மீனவர் தம் மீனைச் சந்தையில் விரும்பியவருக்கு விற்கும் உரிமையை மீண்டும் பெறுவர். வயலின் வாரத்தைப் பற்றிச் சட்டம் இயற்றிய நாடு இது. கடலின் பங்கும் அத்தகைய கவனத்திற்கு உரியதே.