சந்திரசேகரின் வலக்கை



கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வீசுகிறவனுக்குக் கையே மூலதனம். அந்தக் கை சூம்பிப் போயிருந்தால் அவன் ஆட்டத்தைக் கைவிட்டு வேறு வழி தேட வேண்டியதுதான் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுவோம். சூம்பிய கையை வைத்துக்கொண்டு இந்திய நாட்டுக்காக 58 டெஸ்டு ஆட்டங்கள் ஆடி, 242 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒருவரின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவர் பெயர் பகவத் சுப்பிரமணிய சந்திரசேகர்.

1945ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அவர் மைசூரில் பிறந்தார். ஐந்தாறு வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. உயிருக்குக் கேடு நேரவில்லை. ஆனால் வலக்கை வற்றி வலுவிழந்துவிட்டது. அந்நோய்க்குத் தடுப்பூசி இருப்பதாக உலகம் அறிந்ததே 1955ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு நோயுற்ற குழந்தையின் பெற்றோருக்கு மருத்துவரும் பெரிதாக எதையும் சொல்ல இயலாத காலம் அது. பத்து வயதை எட்டும்போது கையில் ஓரளவு அசைவு திரும்பியது. குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரத்துத் தெருக்களில் மற்றப் பிள்ளைகளுடன் அவரும் பந்தாடத் தொடங்கினார். பந்தை எடுத்து எறிவதற்கு வலக்கை உதவவில்லையாதலால் இடக்கையால் எறியப் பழகிக்கொண்டார். இப்பழக்கம் அவரது ஆட்ட வாழ்வு முடியும்வரை நீடித்தது. எல்லைக் கோட்டருகே ஓடிப் பந்தைத் தடுத்து இடக்கையால் எறிந்தவர், சற்று நேரத்தில் வலக்கையால் பந்து வீச வருவதைக் கண்டு புதிதாக ஆட்டம் பார்க்க வந்தவர்கள் வியந்ததுண்டு.

பந்தை எறிய உதவாத கை பந்து வீச மட்டும் எவ்வாறு உதவிற்று?

தொடக்கத்தில் அவர் வேகப்பந்து உட்படப் பலவகை வீச்சுகளையும் முயன்று பார்த்தார். 1963ஆம் ஆண்டு வாக்கில், மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழற்றும் லெக் ஸ்பின் முறையைத் தமக்குரியதாக ஏற்றார். இம்முறையில் பந்து வீசுவோர் பொதுவாக மெதுவாகவே வீசுவர். பந்து காற்றில் மிதந்து வந்து தரையில் பட்டுத் திரும்பும். சந்திரசேகரின் பந்தோ மிதந்து வரவில்லை. அவர் நீண்ட தூரம் துள்ளி ஓடிவந்து, மெலிந்த கையைத் தலைக்குமேல் சுழற்றுவார். தசைப் பற்றில்லாத அக்கை சாட்டைபோல் சொடுக்கிக்கொண்டு வரும். பந்து மிதவேகப் பந்து வீச்சாளரின் வேகத்தில் மட்டையாளரை நெருங்கும். திசை மாறித் திரும்பும் கூக்ளியும், தரையில் பட்டதும் விசை கூடிப் பாயும் டாப் ஸ்பின்னும் அதே வேகத்தில் வந்தன. எதிரே நின்றவருக்கு அவற்றை இனம் கண்டு ஆட நேரமில்லை. சில வேளைகளில் எந்தப் பந்து வரப்போகிறது என்பது வீசுகிறவருக்கே தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சந்திரசேகரும் இதை ஒப்புக்கொண்டவரே.

ஊனம் இருந்தும் வென்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். என் கருத்து அதிலிருந்து சற்று மாறுபட்டது. அந்தக் கையே அவரது கருவி. அதன் போக்கை வேறெந்த ஆசிரியரும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. அப்படியொரு கை எந்த ஆசிரியருக்கும் இருந்ததில்லை. அதற்காக நோயை வரம் என்று கூறிவிடலாகாது. அதே நோய் கண்ட எத்தனையோ குழந்தைகள் அக்காலத்தில் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே வளர்ந்தார்கள். நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2014ஆம் ஆண்டில்தான்.

லெக் ஸ்பின்னைக் கைக்கொண்ட சில மாதங்களிலேயே அவர் மைசூர் அணிக்கும், 1964 ஜனவரியில் இந்திய அணிக்கும் தேர்வு பெற்றார். பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்டில், முதல் இன்னிங்ஸிலேயே 67 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 18. பின்னர் காயமும் ஸ்கூட்டர் விபத்தும் குறுக்கிட்டன. 1968இன் தொடக்கத்திலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் டெஸ்டு ஆட்டம் எதிலும் இடம்பெறவில்லை. அவர் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். எனினும் 1971இல் இங்கிலாந்து சென்ற அணியில் அவரைச் சேர்த்தார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதுவரை இங்கிலாந்து மண்ணில் இந்தியா ஒரு டெஸ்டில்கூட வென்றதில்லை. முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 355, இந்தியா 284. ஆக, 71 ஓட்டங்கள் பின்தங்கிய நிலை. 23ஆம் தேதி திங்கட்கிழமை இங்கிலாந்து மீண்டும் ஆட வந்தது. லக்ஹர்ஸ்டு நேராக அடித்த பந்து சந்திரசேகரின் கையில் உரசிச் சென்று மறுமுனை ஸ்டம்பில் பட்டது. கோட்டைவிட்டு வெளியே நின்ற ஜேம்சன் ஆட்டமிழந்தார். அடுத்து வந்த எட்ரிச்சுக்கு விரைந்த பந்தொன்றை வீசும்படி சர்தேசாய் குரல் கொடுத்தார். அவ்வாண்டு டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயர் மில் ரீஃப். ஆட்டக்காரர்களிடையே விரைந்த பந்துக்கு அதுவே குறிப்புப் பெயர். அந்த மில் ரீஃப் பாய்ந்தது. மட்டை கீழே இறங்குமுன் எட்ரிச்சின் ஸ்டம்பு சாய்ந்தது. அடுத்த பந்திலேயே ஃபிளெச்சர், மட்டையருகே நின்ற சோல்கரின் கையில் பிடிபட்டார். உணவு இடைவேளையின்போது இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 24.

மறுமுனையில் சென்னை வெங்கட்ராகவன் 20 ஓவர்கள் வீசி, டி ஒலிவேராவையும் நாட்டையும் வெளியேற்றினார். அவர் அங்கே ஓட்டங்களைக் கட்டுப்படுத்தியிராவிட்டால் சந்திரசேகரின் வேலை இன்னும் கடினமாகியிருக்கும். இது பலரும் மறந்துவிடும் செய்தி. இலிங்வொர்த்தும் ஸ்னோவும் திருப்பி அடித்த பந்துகளைச் சந்திரசேகர் தாமே பிடித்தார். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. அவர் கணக்கு 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். மறுநாள் விநாயக சதுர்த்தி. இந்திய இரசிகர்கள் மிருகக்காட்சிசாலையிலிருந்து பெல்லா என்ற யானையை மைதானத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். வாடேகரின் அணி 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

அதற்கடுத்த பருவத்தில், 1972 டிசம்பர் முதல், நேயர்களில் பலர் வாழும் நகரங்களிலேயே அந்தக் கையின் ஆற்றலைக் காண முடிந்தது. டில்லி பெரோஸ் ஷா கோட்லாவில் ஒரே இன்னிங்ஸில் 79 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். ஆனாலும் அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. கல்கத்தாவில் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட்டுகள். 28 ஓட்டங்களில் வெற்றி. ஐந்து டெஸ்டுகளில் அவர் எடுத்தவை 35. 1974 நவம்பரில் பெங்களூர் மைதானத்தில் முதன்முதலாக டெஸ்டு ஆட்டம் நடந்தபோது, மேற்கிந்தியத் தீவுகளுக்காக அன்றுதான் முதல் டெஸ்டு ஆடிய விவியன் ரிச்சர்ட்ஸை இரண்டு இன்னிங்ஸிலும் 4, 3 என்ற சொற்ப எண்ணிக்கையில் வெளியேற்றியவரும் அவரே.

மட்டை பிடிப்பதில் அவருக்குத் திறமை கிடையாது. தம் டெஸ்டு வாழ்வு முழுவதிலும் அவர் எடுத்த ஓட்டங்கள் 167. எடுத்த விக்கெட்டுகளோ, முன்னே சொன்னபடி, 242. ஓட்டம் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தது 23 முறை. இக்குறையை அவர் மறைத்ததுமில்லை, அதற்காக வருந்திப் புலம்பியதுமில்லை. மனம் சோர்ந்தால் முகேஷின் பாடல்கள் அவரைத் தேற்றும். அதை அறிந்த விசுவநாத்தும் காவஸ்கரும் களத்திலேயே அப்பாடல்களை முணுமுணுத்து அவரை உற்சாகப்படுத்துவார்களாம்.

1977ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் மெல்போர்ன் நகரில் டெஸ்டு ஆட்டம் தொடங்கியது. முதல் இன்னிங்ஸில் 52 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். இரண்டாம் இன்னிங்ஸிலும் எண் மாறாமல் 52க்கு 6. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா முதன்முதலாக வென்ற டெஸ்டு அதுதான். 222 ஓட்ட வித்தியாசம். அதே பயணத்தில்தான் அவரது பூஜ்யங்களைப் பாராட்டி ஒரு மட்டையை அவருக்குப் பரிசாக அளித்தார்கள். அதன் நடுவே, பந்து தாராளமாகப் புகுந்து செல்லும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை போடப்பட்டிருந்தது.