ஆய்தத்துக்கு யார் வைத்த பெயர் இது?

நெடுந்தீவு என்ற பெயரில் எத்தனை எழுத்து? நெ, டு, ந், தீ, வு. ஐந்து. சின்னப் பிள்ளையும் விரல் மடக்கிச் சொல்லிவிடும். பைதனிடம் கேட்டோம், 10 என்றது. ஊர்காவற்றுறைக்கு 7 வரவேண்டும், 12 என்றது.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர். கணினி எங்கட பாடமில்லை. தீவகத்து ஊர்ப்பெயர்களைப் பட்டியலாக்குவம் என்று தொடங்கித்தான் இதுக்குள்ள மாட்டினம். பிழை எங்கட பக்கமோ என்று பைதனின் வழிகாட்டிகளைப் புரட்டினால், தொடக்கநிலை வழிகாட்டி 'கரக்டர்' என்று ஒரு சொல்லோடு போய்விடுகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது ஒரு எழுத்து. எங்களுக்கு? விரிவான ஆவணத்தில்தான் உண்மை இருக்கு: பைதன் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியெண்களை. 'தீ' எங்களுக்கு ஒரு எழுத்து, அதுக்கு 'த'வும் ஈகாரக் குறியும் என்று இரண்டு.

சரி, விளங்கிவிட்டது என்று நினைத்த நேரம் அடுத்த புதிர் வந்தது. ஒரு எழுத்தைக் கொடுத்தால் அதன் அதிகாரபூர்வப் பெயரைச் சொல்லும் வசதி பைதனில் உண்டு. விளையாட்டாக 'ஃ' கொடுத்துப் பார்த்தோம். 'தமிழ் சைன் விசர்க' என்று வந்தது.

விசர்க்கமா? அது சமஸ்கிருதத்தில் உயிரொலிக்குப் பின்னால் வரும் மூச்சொலி. ஆய்தம் வேறு. தொல்காப்பியம் அதைச் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக வைக்கிறது. முன்னால் குறில், பின்னால் வல்லின உயிர்மெய், நடுவில் ஆய்தம்: அஃது, எஃகு. ஓ.எல். தமிழ் படித்த எவருக்கும் இது தெரியும். இதைவிட வேடிக்கை, அதற்கு முந்திய இடத்தில் இருக்கும் 'தமிழ் அனுஸ்வார' என்ற குறி. தமிழ் என்று பெயர் போட்டு, பக்கத்திலேயே 'தமிழில் பயன்படுவதில்லை' என்று யூனிகோட் அட்டவணையே குறிப்பெழுதி வைத்திருக்கிறது!

இது எப்படி நடந்தது? இந்திய மொழிகள் எல்லாத்துக்கும் பொதுவான ஒரு குறிமுறையை இந்தியாவில் உருவாக்கினார்கள். அதன் பெயர் இஸ்கி. அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியாக வைத்துத்தான் 1991இல் வந்த யூனிகோட் இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது. தேவநாகரியில் அனுஸ்வாரம் எத்தனையாவது இடமோ, தமிழ்ப் பகுதியிலும் அதே இடத்தில் ஒரு அனுஸ்வாரம். விசர்க்கம் இருக்கவேண்டிய கட்டத்தில் ஆய்தத்தைக் கொண்டுபோய் இருத்தினார்கள். கட்டத்தின் பெயர் எழுத்தின் பெயராகிவிட்டது. ஒரே அளவுச் சட்டையை எல்லாருக்கும் தைத்த கதைதான்.

பிழை தெரிந்த பிறகு ஏன் திருத்தவில்லை? திருத்த முடியாது. 1996இல் வந்த யூனிகோட் 2.0 தொடக்கம், ஒரு எழுத்துக்கு வைத்த பெயரை ஒருநாளும் மாற்றுவதில்லை என்பது அவர்களின் விதி. லாவோ மொழியில் இரண்டு எழுத்துகளின் பெயர்கள் இடம் மாறிப் பதிவாகிவிட்டன. அதுவும் அப்படியே இருக்கு. அடைப்புக்குறி ஒன்றின் பெயரில் 'பிராக்கெட்' என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் முன்பின்னாக விழுந்துவிட்டன. அதுவும் நிரந்தரம்.

முதலில் இது எங்களுக்குப் பிடிவாதமாகத்தான் பட்டது. பிறகு யோசித்தால், நியாயமும் இருக்கு. அந்தப் பெயரை நம்பி உலகம் முழுக்க எத்தனையோ பேர் நிரல் எழுதியிருப்பார்கள். பெயரை மாற்றினால் நேற்று ஓடிய நிரல் இன்றைக்கு நிற்கும். ஆகவே அவர்கள் வேறு வழி எடுத்தார்கள். பழைய பெயரை அழிக்காமல், திருத்தத்தைப் பக்கத்தில் எழுதுகிறார்கள். லாவோ எழுத்துகளுக்கும் அந்த அடைப்புக்குறிக்கும் முறையான மாற்றுப்பெயர்கள் கொடுத்திருக்கிறார்கள். அட்டவணையில் 'ஃ' பக்கத்திலும் 'ஆய்தம்' என்ற குறிப்பு ஆங்கில எழுத்தில் இருக்கு. ஆனால் பைதனிடம் கேட்டால் வருவது விசர்க்கம்தான். பக்கக் குறிப்பைத் தேடிப் போகிறவருக்குத்தான் உண்மை கிடைக்கும்.

தீவுகளைப் பற்றி எழுதத் தொடங்கி எங்க வந்து நிற்கிறம் என்று நினைக்க வேண்டாம். எங்கட பட்டியலிலும் இதே கதைதான் இருந்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு றொட்டர்டாம். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்வ்ற். 1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியரின் கைக்குப் போனது. இன்றைக்கு அனலைதீவை றொட்டர்டாம் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆனால் டெல்வ்ற் மட்டும் போகவில்லை. ஆங்கிலத்தில் பிரதேச செயலகத்தின் பெயரே அதுதான்.

தமிழில் நாங்கள் ஒருநாளும் டெல்வ்ற் என்று சொன்னதில்லை. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு எது என்றுதான் கேட்கிறம். வாயில் ஒரு பெயர், ஆங்கிலப் பதிவில் இன்னொரு பெயர். எங்கோ ஒரு கட்டத்தில் யாரோ எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுத, அதை இன்னொருவர் பார்த்து எழுத, கடைசியில் மாற்ற ஏலாத அளவுக்கு அது எல்லாப் படிவத்திலும் ஏறிவிடுகிறது.

இரண்டும் ஒன்றல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஒல்லாந்தர் ஆள வந்தவர்கள். யூனிகோட்காரர் கிடைத்த அட்டவணையைப் பின்பற்றியவர்கள். ஆனால் இரண்டு இடத்திலும் பெயர் வைத்த மேசையில் அந்தப் பெயருக்குரியவர்கள் இருக்கவில்லை, அல்லது அவர்களின் சொல் எடுபடவில்லை. பெயர் நிலைத்ததற்குச் சரி பிழை காரணமில்லை. எத்தனை பேர் அதன்மேல் வேலை கட்டினார்கள் என்பதுதான் காரணம்.

அப்ப செய்யக்கூடியது என்ன? இரண்டு விஷயம் எங்களுக்குப் படுகிறது. ஒன்று, மேசை திறந்திருக்கும்போதே போய் இருக்கவேணும். யூனிகோட்டின் கதவு இன்னும் மூடவில்லை. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகளோடு 51 தமிழ்க் குறிகள் 2019இல்தான் அதில் ஏறின. யாரோ பழைய ஏடுகளையும் கணக்குகளையும் பார்த்து, சான்று சேர்த்து, விண்ணப்பம் எழுதியதால் வந்தது அது. அந்த வேலைக்குக் கணினி படித்தவர் மட்டும் காணாது. வரலாறும் இலக்கணமும் படித்தவர் வேணும்.

மற்றது, மாற்ற முடியாத இடத்தில் பக்கக் குறிப்பு எழுதவேணும். எங்கட பட்டியலில் இப்ப ஒவ்வொரு தீவுக்கும் மூன்று நிரல்கள் இருக்கு: ஊரார் சொல்கிற பெயர், பதிவில் இருக்கிற பெயர், அந்தப் பெயர் யார் எப்ப வைத்தது. நெடுந்தீவுக்கு எத்தனை எழுத்து என்ற நிரலையும் சேர்த்தோம்.

5 என்று கையால்தான் எழுதினோம்.