இலக்கு எங்கிருந்து வருகிறது? பொறியியல் கல்வியில் அமைப்புச் சிந்தனை வந்த பாதை

பொறியியல் மாணவருக்கு இலக்கு பெரும்பாலும் வினாத்தாளிலேயே வந்துவிடுகிறது. இத்தனை டன் தாங்கும் பாலம், இந்த வேகத்தில் சுழலும் மோட்டார். எட்டும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. இலக்கையே ஆராய வேண்டும் என்ற எண்ணம் மெல்லத்தான் உருவாயிற்று.

1943இல் உடலியங்கியலாளர் ஆர்துரோ ரோசன்புளூத், கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், பொறியாளர் ஜூலியன் பிகலோ மூவரும் எழுதிய ஒரு சிறு கட்டுரை, நோக்கமுள்ள செயலைப் பின்னூட்டத்தால் விளக்கியது. இலக்குக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள இடைவெளியே செயலைத் திருத்துகிறது என்றது. போர்க்காலத்தில் எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தில், கார்டன் பிரவுனின் தலைமையில் ரேடார், பீரங்கிக் கட்டுப்பாடுகளை வடிவமைத்தவர்களுக்கும் பின்னூட்டமே அடிப்படை. ஆனால் அங்கே இலக்கு வெளியிலிருந்து வந்தது. எதைச் சுடுவது என்று பீரங்கியிடம் யார் கேட்பார்கள்?

அந்த ஆய்வகத்தில் உருவான ஜே ஃபாரஸ்டர், 1956இல் அதே நிறுவனத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அங்கே அவர் முன் வந்த ஒரு சிக்கல் இது: கென்டக்கியில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வீட்டுச் சாதன ஆலைகளில் சில காலம் ஷிப்டு மேல் ஷிப்டு ஓடும். சில காலம் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. ஃபாரஸ்டர் காகிதத்திலேயே கணக்கிட்டுப் பார்த்தார். ஆர்டர் சீராக வந்தாலும், ஆலையின் ஆளெடுப்பு, சரக்கிருப்பு முடிவுகளே இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் என்று தெரிந்தது. 1961இல் வந்த ‘இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்’ இதிலிருந்து வளர்ந்த நூல்.

நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானது அவரது 1968ஆம் ஆண்டுக் கட்டுரை. வளரும் நிறுவனம் ஒன்றில் ஆர்டர் கூடுகிறது, சரக்கு அனுப்பத் தாமதமாகிறது. நாளடைவில் அந்தத் தாமதமே வழக்கமாகிவிட, நிறுவனம் தன் அளவுகோலைத் தளர்த்திக்கொள்கிறது. உற்பத்தித் திறனைப் பெருக்கும் அவசரம் போய்விடுகிறது, வளர்ச்சி நிற்கிறது. இங்கே இலக்கு வெளியிலிருந்து வருவதில்லை. பழைய செயல்பாட்டைப் பார்த்து அதுவே நகர்கிறது. 80 மதிப்பெண்ணுக்குத் திட்டமிட்டு 65 வாங்கியவர், அடுத்த செமஸ்டரில் 65ஐயே குறியாக வைப்பதும் இந்த இயக்கந்தான். ஃபாரஸ்டரின் மாணவர் வழியில் வந்த டொனெல்லா மெடோஸ், ஓர் அமைப்பை மாற்றத் தலையிடக்கூடிய 12 இடங்களை 1999இல் வரிசைப்படுத்தியபோது, எண்களை மாற்றுவதைக் கடைசியிலும் அமைப்பின் இலக்கை மூன்றாவது இடத்திலும் வைத்தார்.

இலக்கையும் ஆராயும் இந்த அமைப்புச் சிந்தனை வகுப்பறைக்கு அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏபெட் அமைப்பு 1996இல் ஏற்ற புதிய அங்கீகார விதிகள், துறைகளே தம் கல்வி நோக்கங்களை வகுத்து, அடைவை அளந்து திருத்தச் சொல்லின. பொறியியல் கல்விக்காக 2001இல் வெளியான சி.டி.ஐ.ஓ. பாடத்திட்டம் அமைப்புச் சிந்தனையைத் தனித் திறனாகவே சேர்த்தது. ஆனால் மாணவர் தம் நேரத்தையும் வளங்களையும் ஆள்வதை வேறு தலைப்பில் வைத்தது. எந்திரத்துக்கு ஒரு சிந்தனை, தனக்கு வேறொன்று என்பதுபோல.

பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரான பின், மாணவர் அடைவை அளக்கும் கணக்கு நம் கல்லூரிகளிலும் வேரூன்றியது. அடைவு இலக்கைக் கல்லூரியே வைத்துக்கொள்ளலாம்; சென்ற ஆண்டு முடிவைப் பார்த்து அதை வைத்தால் ஃபாரஸ்டர் எச்சரித்த நழுவல் நடக்கும். நம் கட்டுப்பாட்டியல் பாடம் குறிமதிப்பை எட்டக் கற்பிக்கிறது. அதை யார், எதைப் பார்த்து வைத்தார்கள் என்ற கேள்வியும் அதே பாடத்தில் ஓர் அலகாக வேண்டும். அதற்கான கணிதம் மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.