பரங்கிமலைச் சங்கிலியும் வானத்து அளவுகோலும்

நிலத்தை நுணுக்கமாக அளப்பது தமிழர்க்குப் புதிய கலையன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி எனப் பின்னத்தின் பின்னமாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரியோ அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு. இறைவாங்கும் அரசனுக்கும் இறை செலுத்தும் குடிக்கும் இடையே ஐயம் எழாதிருக்க வேண்டுமானால், அளவு அத்துணை நுண்மையாக இருக்க வேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணினர் போலும்.

இன்று அதே தஞ்சை வயல்களில் சர்வேயர் ஒருவர் ஒரு கோலை ஊன்றி நிற்பதைக் காணலாம். கோலின் உச்சியில் காளானைப் போன்றதொரு குமிழ். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிறு திரை. சங்கிலி இல்லை, சங்கிலி இழுக்கும் ஆட்களும் இல்லை. சில விநாடிகளில், தாம் நிற்கும் இடம் பூமியின் மேல் எங்குள்ளது என்பதை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிழைக்குள் அவர் அறிந்து கொள்கிறார். அந்தக் குமிழ் உண்மையில் ஒரு வானொலிப் பெட்டியே. நம் வீட்டு வானொலி நிலையத்துப் பாட்டை வாங்குகிறது. இது விண்ணில் சுழலும் செயற்கைக்கோள்களின் அலைகளை வாங்குகிறது. சங்கிலியிலிருந்து இந்த ரிசீவருக்கு மனிதன் வந்து சேர்ந்த வழியை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி. அடுத்த பெரு முயற்சியும் சென்னையை அடுத்தே தோன்றியது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பரங்கிமலைக்கு அருகில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை வைத்து அளக்க வேண்டியிருந்தது. வெயிலில் எஃகு நீளும், நிழலில் சுருங்கும். ஆகவே வெப்பமானிகளைச் சங்கிலியின் அருகிலேயே வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்துக்கு ஏற்ப நீளத்தைத் திருத்திக் கொண்டனர்.

ஒரு கோட்டை மட்டும் இவ்வாறு அரும்பாடுபட்டு அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள மூன்றாவது புள்ளியை நோக்கிக் கோணங்களை அளந்து, மற்ற இரு பக்கங்களையும் கணக்கால் பெறலாம். அப்பக்கங்களின் மீது வேறு முக்கோணங்களை அமைக்கலாம். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடெங்கும் வலை விரிந்தது. கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். லண்டனிலிருந்து வரும் வழியில் அதைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். அறிவியல் கருவி என்று தெரிந்ததும், பகைவருடையது என்று பாராமல் சென்னைக்கு அனுப்பி வைத்தனர்.

குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் தொலைதூரம் காண உயர்ந்த இடம் வேண்டுமல்லவா? 1808-இல் தஞ்சைக் கோயிலின் மீது அக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைபட்டு, ஆறு வாரங்கள் உழைத்து அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார் என்பது வரலாறு. கீழ்முந்திரி வரை அளந்தவர்களின் கல்வெட்டுகள் தாங்கிய கோயிலிலேயே இது நிகழ்ந்தது.

பரங்கிமலையில் பணி தொடங்கிய லாம்டன் 1823-இல் உயிர் நீத்தது இன்றைய மகாராஷ்டிரத்தின் வார்தா மாவட்டத்தைச் சேர்ந்த ஹிங்கன்காட்டில். நாக்பூர்ப் பக்கத்தில் வாழும் தமிழன்பர்கள் அவ்வூரை அறிந்திருப்பர். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். சமவெளியில் அவர் எழுப்பிய அளவைக் கோபுரங்கள் கொல்கத்தாவின் பாரக்பூர் நெடுஞ்சாலையில் இன்றும் நிற்கின்றன. காய்ச்சலாலும் காட்டு விலங்காலும் இப்பணியில் மாண்ட கொடிபிடிப்போரும் சுமைதூக்குவோரும் எண்ணற்றவர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வங்காளக் கணித வல்லுநர் இராதாநாத் சிக்தாரின் பெயர் மட்டும் நிலைத்தது. பதினைந்தாம் எண் சிகரம் எனப்பட்ட மலைமுடியின் உயரம் அவருடைய கணக்கின் வழியே வெளிப்பட்டு, 1856-இல் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது.

இந்த முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடுபனியும் காடும் கடலும் குறுக்கிட்டால் வேலை நின்றுவிடும். எல்லோருக்கும் ஒருங்கே தெரியக்கூடிய உயரமான இடம் வேண்டுமானால், அது வானத்தில்தான் இருக்க முடியும்.

அவ்விடம் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கிடைத்தது. சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக் உலகைச் சுற்றியவாறு 'பீப், பீப்' என்று ஒலித்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில், கையர், வைஃபன்பாக் என்ற இரு விஞ்ஞானிகள் அவ்வொலியைக் கூர்ந்து கேட்டனர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஓங்கியும் விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பது போல, கோளின் அலையும் மாறுவதைக் கண்டனர். அம்மாற்றத்தைக் கொண்டே கோளின் பாதையைக் கணக்கிட்டனர். அவர்களுடைய மேலோர் ஃபிராங்க் மக்ளூர் அடுத்த ஆண்டில் ஒரு கேள்வி கேட்டார்: நாம் நிற்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகிறது, கோளின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியாதோ? இக்கேள்வியிலிருந்து டிரான்சிட் என்னும் திட்டம் பிறந்தது. 1964 முதல் அது அமெரிக்கக் கடற்படைக்கு வழிகாட்டியது.

அதனினும் மேலான ஜி.பி.எஸ். திட்டம் 1973-இல் வகுக்கப்பட்டது. அதன் முதற்கோள் 1978-இல் ஏறியது. 1995-இல் திட்டம் முழுமை பெற்றது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்து நான்கு கோள்கள். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள். 'இந்த நொடியில் இவ்விடத்திலிருந்து இதை அனுப்புகிறேன்' என்று ஒவ்வொரு கோளும் இடையறாது கூறுகிறது. அச்செய்தி வந்து சேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு ரிசீவர் தூரத்தைக் கணிக்கிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால், தன் இடத்தையும் தன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்தே அறிந்து கொள்கிறது. நூறு கோடியில் ஒரு பங்கு நொடி பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும்.

இத்திட்டம் படைத்துறையின் உடைமை. 1983-இல் வழிதவறிச் சென்ற கொரிய விமானம் ஒன்றைச் சோவியத் படை வீழ்த்தி, 269 பேர் மாண்டபின், ஜி.பி.எஸ். அலைகளைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. ஆயினும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும் என்ற நிலை இருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அப்பிழை நீக்கப்பட்டது.

நில அளவைப் பொறியாளர்களோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சென்டிமீட்டரை எட்டிவிட்டனர். இஃது எங்ஙனம் இயன்றது? கோளின் செய்தியைச் சுமந்து வரும் வானொலி அலை ஒன்று உண்டு. அதன் ஒரு முழு அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டரே. அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதைச் சில மில்லிமீட்டர் நுட்பத்தில் அளக்கலாம். ஆனால் கோளுக்கும் கருவிக்கும் இடையே முழு அலைகள் எத்தனை என்பது தெரியாது. சங்கிலியின் கடைசித் துண்டை அங்குலப் பிசகின்றி அளந்துவிட்டு, அதற்குமுன் எத்தனை முழுச் சங்கிலி வைத்தோம் என்ற எண்ணிக்கையைத் தவறவிட்டவனின் நிலை இது.

இப்புதிரை அவிழ்க்க வானியல் துணை செய்தது. தொலைவில் உள்ள விண்பொருள்களின் வானொலி அலைகளை, பல ஊர்களில் வைத்த ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் வாங்கி ஒப்பிடுவது வானியலாரின் வழக்கம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சார்லஸ் கவுன்சல்மன் அந்த வழக்கத்தை ஜி.பி.எஸ். கோள்களுக்குப் பொருத்தினார். 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த மேக்ரோமீட்டர் என்னும் கருவி அதன் பயன். ஒரு ரிசீவரை இடம் நன்கு தெரிந்த கல்லின் மேல் வைப்பர். மற்றொன்றை அளக்க வேண்டிய இடத்தில் வைப்பர். காற்று மண்டலம் விளைக்கும் தாமதமும் கோளின் கடிகாரப் பிழையும் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பாதிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவை மறைந்துவிடும். வேண்டுமென்றே கலந்த பிழையும் அக்கழித்தலில் கரைந்து போயிற்று.

முதலில் மணிக்கணக்காகக் காத்திருந்து, பின் கணிப்பொறியில் கணக்கிட வேண்டியிருந்தது. 1990-களில் நிலைமை மாறியது. தெரிந்த இடத்து ரிசீவர் தன் கணக்கை வானொலி வழியே மற்றதற்கு உடனுக்குடன் அனுப்பலாயிற்று. முழு அலைகளின் எண்ணிக்கையை விரைவில் கண்டறியும் கணித முறை ஒன்றை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பேராசிரியர் டியூனிசன் 1993-இல் வெளியிட்டார். இன்று நேர்கோடு பிசகாமல் தானே உழும் டிராக்டரும், ஆளின்றிப் பறந்து வரைபடம் எடுக்கும் டிரோனும், வேலைத்தளத்தில் தானே நடமாடும் எந்திரமும் இந்த வழியிலேயே தம் இடத்தை அறிகின்றன.

நம் நாட்டிலும் பணி தொடர்ந்தது. இந்திய சர்வே துறை, இரவும் பகலும் இயங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையான ரிசீவர் நிலையங்களை நாடெங்கும் நிறுவியிருக்கிறது. சர்வேயர் இனித் தம்முடன் இரண்டாவது கருவியைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை; தொலைபேசி வழியே அந்நிலையங்களின் திருத்தத்தைப் பெறலாம். 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வ திட்டத்தின்கீழ்ப் பல மாநிலங்களில் கிராமக் குடியிருப்புகள் டிரோன் கொண்டு அளக்கப்பட்டன.

கோள்களும் பிறநாட்டாருடையனவாகவே இருத்தல் ஆகாது என்ற எண்ணத்தால், 2013 முதல் 2016 வரை ஏழு கோள்கள் சரியான சுற்றுப்பாதையில் நிறுத்தப்பட்டு, நாவிக் என்ற நம் அமைப்பு உருவாயிற்று. அதன் வழி எளிதாக இருக்கவில்லை. சில கோள்களின் அணுக் கடிகாரங்கள் பழுதடைந்தன. 2023-இல் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்துடன் ஒரு கோள் ஏறியது. 2025 ஜனவரியில் ஏவிய மற்றொன்று உரிய பாதையை எட்டவில்லை. கைப்பற்றிய தியோடலைட்டைப் பிரெஞ்சுக்காரர் திருப்பித் தந்தது அவர்களுடைய பெருந்தன்மை. பிறர் பெருந்தன்மையை நம்பி ஒரு நாடு தன் அளவுகோலை வைத்திருக்க முடியாது என்பதால், இந்தத் தளரா முயற்சி நமக்கு இன்றியமையாதது.

புதிய நுட்பம் பழைய உழைப்பின் பெருமையையும் காட்டுகிறது. நேபாளமும் சீனமும் செயற்கைக்கோள் ரிசீவர்களின் துணையுடன் எவரெஸ்ட் சிகரத்தை மீண்டும் அளந்து, 2020-இல் 8,848.86 மீட்டர் என அறிவித்தன. சமவெளியிலிருந்து தொலைநோக்கி வழியே பார்த்துக் கண்ட 29,002 அடிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சுமார் 30 அடியே.

இந்த நுண்மை சில புதிய சிக்கல்களையும் கொண்டு வந்திருக்கிறது. எவரெஸ்ட் காலத்துப் பூமி வடிவக் கணக்கும் ஜி.பி.எஸ். கொள்ளும் கணக்கும் வேறு வேறு. திருத்தாமல் ஒப்பிட்டால் ஒரே இடம் 100 மீட்டருக்கும் மேல் விலகித் தோன்றக்கூடும். மேலும், இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. லாம்டன் சங்கிலி வைத்த நாள் முதல் பரங்கிமலையே பத்து மீட்டருக்கு மேல் இடம் பெயர்ந்திருக்கிறது! ஆதலால் இன்று ஒரு புள்ளியின் இடத்தைக் கூறும்போது, எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் உடன் கூற வேண்டும்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு காணி நிலமோ ஒரு பழைய மனையோ இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சென்று பார்ப்போம். வரப்பு சற்றே நகர்ந்ததோ என்று ஐயுறுவோம். அந்த ஐயத்தால் பேச்சற்றுப் போன பங்காளிகள் உண்டு. ஊரில் இல்லாதவருக்காகப் பேசுவது பட்டாவும் புலப்படமும் எல்லைக்கல்லும்தாம். புதிய ரிசீவர் அந்தக் கல் நிற்கும் இடத்தைச் சென்டிமீட்டர் பிசகாமல் சொல்லும். கல் முன்னர் எங்கே நடப்பட்டது என்பதைப் பழைய புலப்பட ஏடுதான் சொல்ல வேண்டும். தென்னந்தோப்பின் அடர்ந்த நிழலிலும் உயர்ந்த சுவரின் ஓரத்திலும் வானம் மறைவதால் கருவியும் தடுமாறும். அங்கே அனுபவமுள்ள அளவையாளர் பழைய முறையையே நாடுவார்.

ஆகவே, அளக்கும் நாளில் ஊருக்குச் சென்று உடன் நிற்பது நலம். பழைய புலப்படத்தின் நகலைக் கையில் கொண்டு, எந்த மூலைக்கல்லிலிருந்து அளவு தொடங்குகிறது என்று அளவையாளரைக் கேட்கலாம்; அடுத்த வரப்புக்காரரையும் அழைத்து உடன் நிறுத்திக் கொள்ளலாம். இருவர் கண்ணெதிரே ஊன்றிய கல்லைப் பின்னர் எவரும் எளிதில் மறுக்க மாட்டார்.