மழைக்கோட்டின் பெயரில் ஒரு கேலி

1997-இல் இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு முதல்முறையாகப் போயிருந்தேன். பேரனுக்கு அப்போது பத்து வயது. ரயில் எஞ்சின்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், அந்த நோட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். "பசங்க என்னை அனோராக்னு கூப்பிடறாங்க தாத்தா" என்றான். "நல்லதாப் போச்சு, இனிமே ஒழுங்காப் படி" என்று சொல்லிவிட்டேன்.

அனோராக் என்பது தலைமூடி வைத்த மழைக்கோட்டு. கிரீன்லாந்து மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதை மாட்டிக்கொண்டு, மழையிலும் குளிரிலும் பிளாட்பாரக் கோடியில் நின்று எஞ்சின் எண் குறிப்பவர்களுக்கு, 1980களில் கோட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். நாலு பேரோடு பழகத் தெரியாதவன், யாருக்கும் வேண்டாத விவரங்களைச் சேர்ப்பவன் என்று அர்த்தம்.

ஆனால் ஒரு காலத்தில் இது கௌரவமான பொழுதுபோக்கு. சதர்ன் ரயில்வேயின் வாட்டர்லூ அலுவலகத்தில் இயன் ஆலன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். எஞ்சின்களைப் பற்றி விவரம் கேட்டு ஓயாமல் கடிதங்கள் வரும். பதில் எழுதி அலுத்துப்போனவர், 1942-இல் அந்த ரயில்வேயின் எஞ்சின் பட்டியலைச் சிறு புத்தகமாகப் போட்டார். அது மளமளவென்று விற்றது. போர் முடிந்தபின் அந்நாட்டுச் சிறுவர்கள் கையில் இப்படிப்பட்ட புத்தகத்தோடு ஸ்டேஷன்களில் குவிந்தார்கள். பார்த்த எண்ணை அடிக்கோடிட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

1968-இல் பிரிட்டிஷ் ரயில்வேயில் நீராவி எஞ்சின் ஓட்டம் நின்றது. பெரும்பாலோர் வேறு வேலை பார்க்கப் போனார்கள். விடாமல் நின்றவர்கள்தான் கேலிக்கு ஆளானார்கள்.

அவர்களைப் போன்றவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். வேல்ஸில் மூடப்பட இருந்த டாலிலின் ரயில் பாதையை 1951-இல் தொண்டர்கள் எடுத்து நடத்தினார்கள். உலகத்திலேயே அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்வே அதுதான். பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 213 எஞ்சின்களைக் காசு திரட்டி மீட்டார்கள். ஒரு வகையைச் சேர்ந்த 49 எஞ்சின்களும் உடைக்கப்பட்டுவிட்டதால், ஐம்பதாவதைப் புதிதாகவே செய்து 2008-இல் ஓட்டிக் காட்டினார்கள். அதன் பெயர் டொர்னாடோ. இன்று குடும்பத்தோடு டிக்கெட் வாங்கி நீராவி வண்டியில் போகிறவர்களில், அன்று கேலி செய்தவர்கள் எத்தனை பேரோ!

இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. சென்ற மாதம் போனில் பேரனிடம் அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்த நோட்டு தாத்தா?" என்றான்.

அவன் மறந்துவிட்டான். எனக்குத்தான் உறுத்துகிறது. பசங்கள் வைத்த பெயர் அல்ல, அன்று நான் சொன்ன அந்த ஒரு வரி.