ஆஸ்பத்திரி வாயிலைத் தாண்டிய பின்

நோய் தணிந்த முதியவர் வீடு திரும்பியதும் யார் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார், யார் கைபிடித்து நடத்துவார் என்ற வினாக்கள் நெடுங்காலம் வைத்தியரின் கவலையாக இருந்ததில்லை. அவை குடும்பத்தின் பாடு. குடும்பமில்லாதவர்க்கு விதியின் பாடு.

1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் நியமிக்கப்பட்டார். இலவச சிகிச்சைக்குத் தகுதியற்றவர்களைப் பிரித்தறிவதே அவருக்கு இட்ட முதற்பணி. கணக்குப் பார்க்க ஏற்பட்ட அந்தப் பதவிதான், நோயாளியின் வீட்டு நிலையைக் கேட்டறியும் சமூகப் பணியாக வளர்ந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

முதியோருக்கு விடிவு பிறந்தது இன்னும் பிற்பட்டே. 1935-இல் லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி, அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதியை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த 714 பேரின் பொறுப்பு டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையாரிடம் வந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள். கிடந்து கிடந்தே கைகால் மடங்கிப் போனவர்கள். அம்மையார் ஒவ்வொருவரையும் பரிசோதித்து வகைப்படுத்தினார். நடக்கக் கூடியவரை நடக்கப் பழக்கினார். மருத்துவர், தாதி, உடற்பயிற்சி சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் கூடி ஆலோசிக்க வேண்டுமென்றார். “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களிற் பலர் எழுந்து வெளியேறினர். 1943-லும் 1946-லும் அவர் எழுதிய கட்டுரைகள், முதியோர் மருத்துவம் தனித்துறையாவதற்கு வழிகோலின.

நம் நாட்டில் 1946-இல், அன்றைய பம்பாயின் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், மருத்துவ சமூகப் பணியாளர் முதன்முதலாக நியமிக்கப்பட்டார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கான புறநோயாளர் பிரிவு 1978-இல் தோன்றியது. 2010-இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம், நடமாட இயலாதவரை வீட்டிற்கே சென்று பார்ப்பதையும் தன் கடமைகளுள் சேர்த்துக்கொண்டது.

மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு ஒரு குறை உறுத்துகிறது. வெளி மாநிலத்தில் பிள்ளையின் வீட்டிலிருந்து சிகிச்சை பெற்று, ஊருக்கு ரயிலேறும் தாயாரின் கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்பு. அத்தகைய தாள் ஒன்றை அண்டை வீட்டாருக்காக நாம் தமிழாக்கிக் கொடுத்தோம். மருந்து வேளைகள் நான்கு வரியில் அடங்கின. “மாடிப்படி ஏறலாகாது” என்ற ஐந்தாம் வரியைப் படித்ததும், மூன்றாம் மாடியில் குடியிருந்த அந்தக் குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அந்தப் படிகளைப் பற்றி அதுவரை அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.