வளிமண்டல ஆராய்ச்சியும் வானொலியும்

அறிவு மெய்யாயிருத்தல் மட்டும் போதாது. வேண்டிய வேளையில் வந்தெய்துதலும் வேண்டும். வளிமண்டலத்தின் மேற்பகுதியை மனிதன் அறிந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரெஞ்சு அறிஞர் தெசரங் டி போர் என்பார், பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள திராப் என்னுமிடத்தில் 1896 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். ஐதரசன் நிரப்பிய ஆளில்லாப் பலூன்களிற் பதிகருவிகளைக் கட்டி மேலே விடுத்தார். ஞாயிற்றின் கதிர் பட்டு வெப்பமானி பிழைபடக் காட்டுமோ என ஐயுற்று, இரவிலும் அவற்றை ஏற்றினார். ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு மேல் வெப்பநிலை குறைந்து செல்வது நின்றுவிடுகின்றது என்ற வியத்தகு முடிவை, 236 பலூன்களின் பதிவுகளைக் கொண்டு 1902 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அசுமானும் இம்முடிவையே கண்டார். படைமண்டலம் அறியப்பட்டது இவ்வாறே.

எனினும், இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. பலூன் வெடித்துக் கருவி நிலத்தில் வீழ்ந்து, எவரேனும் கண்டெடுத்து அனுப்பினாலன்றி, அது பதிந்த செய்தி கிட்டாது. கடலில் வீழ்ந்ததோ அடியோடு தொலைந்தது. கிடைத்த பதிவும் பல நாட் கழித்தே கைக்கு வந்தமையால், கடந்த வானத்தைப் பற்றிக் கற்க உதவியதேயன்றி, வரும் வானிலையை முன்னுரைக்க உதவவில்லை.

இக்குறையை நீக்கியது வானொலியாகும். வெற்றிடக் குழாயும் சிற்றலையும் பயன்பாட்டுக்கு வந்தபின், பலூன் சுமக்கத்தக்க சிறிய செலுத்தியை அமைத்தல் இயல்வதாயிற்று. 1927 இல் இதிராக், பியூரோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அத்தகைய செலுத்தியை வானில் ஏற்றிப் பார்த்தனர். 1929 சனவரி 7 ஆம் நாள், அதே திராப்பிலிருந்து பியூரோ ஏற்றிய கருவி, தான் அளந்ததைக் குறிகளாக மாற்றி அனுப்பியது. அதற்கு ‘ரேடியோசோண்ட்’ எனப் பெயரிட்டவரும் அவரே.

கருவியின் முள் காட்டும் அளவை அலையாக மாற்றுவது எங்ஙனம்? உருசிய அறிஞர் மொல்ச்சானொவ், சீப்பின் பற்கள் போன்ற தொடுகைகளின் மீது முள்ளை நகரச் செய்து, மோர்சுக் குறிகளை எழுப்பினார். 1930 சனவரி 30 ஆம் நாள் அவர் ஏற்றிய கருவி, 7.8 கிலோமீற்றர் உயரத்திலிருந்து -40.7 பாகை செல்சியசு எனத் தெரிவித்தது. அச்செய்தி லெனின்கிராட் வானிலை நிலையத்துக்கு உடன் அனுப்பப்பட்டது. பின்லாந்தின் வைசாலா, வெப்பநிலை மாறுந்தோறும் மின்கொள்ளளவும், அதனால் அலையின் அதிர்வெண்ணும் மாறுமாறு அமைத்து, 1931 திசம்பரில் வெற்றி கண்டார். வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: கருவி மீளாவிடினும் செய்தி மீளல் வேண்டும்.

இன்று உலகெங்கணும் பல நூறு நிலையங்களிலிருந்து இத்தகைய பலூன்கள் நாள்தோறும் ஏற்றப்படுகின்றன. தீப்பெட்டியினுஞ் சிறிய செலுத்திகள் எளிதிற் கிடைப்பதால், கல்லூரி மாணவரும் 30 கிலோமீற்றர் உயரம்வரை பலூன்களை அனுப்புகின்றனர். வீழ்ந்த பெட்டியைத் தேடி அவர்கள் செல்வதும் உண்டு. ஆயினும், அது கிடையாவிடினும் அவர்தம் உழைப்பு வீணாவதில்லை. வானம் கூறியது முன்னரே அவர்கள் ஏட்டில் ஏறிவிட்டது.